ஜெர்மனியில் முதல் வாரம்: ஹோஸ்ட் குடும்பமா, ஹாஸ்டலா, நம்ம பசங்க ரூமா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டியிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் வீட்டில் தங்குமிடம் என்றாலே பேச்சு வாடகையில்தான் ஆரம்பிக்கிறது. வழிகள் மூன்று: காசு வாங்கிக்கொண்டு மாணவரைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைக்கும் ஹோஸ்ட் குடும்பம், மாணவர் ஹாஸ்டல், ஏற்கெனவே அங்கே இருக்கும் நம்ம பசங்க வாடகைக்கு எடுத்த ரூம். முதல் வாரத்துக்கு வாடகையைவிட அவசரமான கேள்விகள் உண்டு. போய்ச் சேரும் நேரத்தில் கதவைத் திறக்க ஆள் இருக்குமா? அந்த முகவரியில் பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா?

குளிர்கால செமஸ்டர் தொடங்குவது அக்டோபரில். நம் மலையில் வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். அதனால் விமானத்துக்கு முந்தைய நாளே கோவைக்கு இறங்கிவிடுவது நல்லது. விமானத்தைத் தவறவிட்டுச் சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தால், ஹாஸ்டலில் சாவி தரும் பராமரிப்பாளர் பெரும்பாலும் திங்கள்கிழமைதான் வருவார். ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில்தான் ஏதாவது கிடைக்கும். ஹோஸ்ட் குடும்பத்தில் இந்தத் தவிப்பு இல்லை. வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆள் காத்திருக்கும், சாப்பாடும் இருக்கும். நம்ம பசங்க ரூமும் இந்த விஷயத்தில் நம்பகமானது. நள்ளிரவானாலும் எழுந்து வந்து திறப்பார்கள்.

ஆனால் அந்த ரூமின் சிக்கல் பதிவில் வருகிறது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு வீடு தருபவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. ஹாஸ்டலில் இது தானாகக் கிடைக்கும். பசங்க ரூமில் ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருக்கும். உள்வாடகைக்கு விட உரிமையாளர் பெரும்பாலும் அனுமதித்திருக்க மாட்டார், எனவே கடிதமும் வராது. பதிவு இல்லாவிட்டால் வரி எண் தள்ளிப்போகும், சில வங்கிகள் கணக்கும் திறக்காது. கணக்கு இல்லாவிட்டால் விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கென்று முன்கூட்டியே கட்டி முடக்கி வைத்த 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோ வெளியே வராது. வேறு யாரோ ஒருவர் வீட்டு முகவரியைக் காட்டிச் சமாளிப்போம் என்று போனால் அபராதம். ஹோஸ்ட் குடும்பம் எல்லாமும் கடிதம் தருவதில்லை. குறுகிய மொழி வகுப்புக்கு வருபவர்களையே ஏற்கிற குடும்பம் மறுக்கலாம். பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எங்கே தங்கினாலும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். கோத்தகிரி தபால்காரருக்கு அப்பா பெயர் சொன்னாலே வீடு தெரியும். அங்கே பெட்டியில் பெயர் இல்லாத கடிதம் திரும்பிப் போய்விடும், வங்கி அட்டையும் சேர்த்து.

ஹோஸ்ட் குடும்பத்தில் மனஸ்தாபம் பெரும்பாலும் குளியலறையில் தொடங்குகிறது. தரையில் வடிகால் துளை இருக்காது. பக்கெட்டில் மொண்டு ஊற்றிக் குளித்தால் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும். ஷவர் தடுப்புக்குள் நின்று, திரையை உள்பக்கம் விட்டுக் குளித்து, வெளியே வந்ததும் தரையைத் துடையுங்கள். அடுத்தது ஜன்னல். மலைப் பிள்ளைகளுக்குக் குளிர் பழக்கம்தான், ஹீட்டர் வைத்த வீடு பழக்கமில்லை. மஞ்சு இறங்கினால் ஜன்னலை இறுகச் சாத்தும் வழக்கத்தை அங்கேயும் தொடர்ந்தால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். காலையும் மாலையும் ஹீட்டரைக் குறைத்துவிட்டு, 5 முதல் 10 நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து, பிறகு மூடுங்கள். கொஞ்சமாகத் திறந்தே வைத்திருந்தால் அறை குளிர்ந்து எரிபொருள்தான் வீணாகும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் தலையணை மேல் சொந்தத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டி, சீஸ், வெட்டிய காய். சூடாக எதுவும் இருக்காது. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும். மீன், முட்டை, சீஸ் இவற்றில் எது ஆகும், எது ஆகாது என்று பெயர் பெயராக எழுதி அனுப்பிவிடுங்கள். தாளிக்கிற ஆசை இருந்தால் ஹாஸ்டல் பொதுச் சமையலறைதான் வசதி. அங்கேயும் மிளகாய் வறுத்த புகைக்கு அலாரம் அடிக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடாகாது, அடிப்பகுதியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கர்தான் ஆகும். இரவு 10 மணிக்கு மேல் விசில் வேண்டாம்.

பொது டிவி, ரேடியோவுக்காக ஒவ்வொரு வீடும் கட்டாயம் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஹோஸ்ட் வீட்டில் அதை அவர்களே கட்டிவிடுகிறார்கள், ஹாஸ்டலில் தனி அபார்ட்மெண்ட் என்றால் முழுதும் உங்கள் தலையில்.

மொழியில் ஹோஸ்ட் குடும்பத்துக்கு ஈடே இல்லை. இரவு மேசையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது வகுப்பில் கிடைக்காத பயிற்சி. பசங்க ரூமில் நாள் முழுக்கத் தமிழ்தான்.

கையில் ஹாஸ்டல் இடம் உறுதியாகியிருந்தால் அதை விடவே கூடாது. மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்பு ஒரு செமஸ்டரைத் தாண்டிப் போகிறது. சாவி கிடைக்கும் நாள்வரை இடைவெளி இருந்தால், அல்லது ஹாஸ்டலே கிடைக்காவிட்டால், பதிவுக் கடிதம் தரும் ஹோஸ்ட் குடும்பத்தில் நான்கு வாரம் தங்குங்கள். மொழிப் பள்ளிகள் வழியாக இதைக் கேட்கலாம். பசங்க ரூமில் நாலைந்து நாள் விருந்தாளியாக மட்டும் தங்குங்கள்.

ஹோஸ்ட் வீட்டுக்கு நீலகிரித் தேயிலையும் ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்டும் தாராளமாகக் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி வகைகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதிக்க மாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதனால் அதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.