அவசர மருத்துவ ஆராய்ச்சி ஃபெலோஷிப்: முடித்து ஆறு ஆண்டுகள் கழித்து

மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் அவசர மருத்துவத்தில் ரெசிடென்சி என்னும் சிறப்புப் பயிற்சி செய்து, அதன்பின் அதே துறையில் இரண்டு ஆண்டு ஆராய்ச்சி ஃபெலோஷிப்பில் சேர்ந்தேன். முடித்த கையோடு இந்த அனுபவத்தை எழுதியிருந்தால், வெளிவந்த கட்டுரைகளின் எண்ணிக்கையையும் கையில் வாங்கிய முதுநிலைப் பட்டத்தையும் வைத்து மதிப்பெண் போட்டிருப்பேன். இப்போது ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டதால், அந்தப் பயிற்சியில் எதை இன்றும் எடுத்துப் புழங்குகிறேன், எது தூசி படிந்து கிடக்கிறது என்று ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது. சேரலாமா வேண்டாமா என்று இளைய மருத்துவர்கள் சிலர் அவ்வப்போது கேட்பதற்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இது என்ன வகைப் பயிற்சி என்பதில் விண்ணப்பிப்பவர்களிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. நச்சுமருத்துவம், குழந்தைகள் அவசர மருத்துவம் போன்ற ஃபெலோஷிப்புகளுக்கு அங்கே மருத்துவர்களின் மேற்பயிற்சிகளைக் கண்காணிக்கும் ஏசிஜிஎம்இ அமைப்பின் அங்கீகாரமும், முடிவில் எழுத ஒரு தேர்வும் இருக்கின்றன. ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு இரண்டும் கிடையாது. எஸ்ஏஇஎம் என்னும் கல்விசார் அவசர மருத்துவச் சங்கம் தன் அளவுகோல்களின்படி சில இடங்களுக்கு ஒப்புதல் தருகிறது. அதற்கு மேல் முத்திரை எதுவும் இல்லை. பெரும்பாலும் இரண்டு ஆண்டு. கூடவே மருத்துவ ஆராய்ச்சியிலோ பொதுச் சுகாதாரத்திலோ ஒரு முதுநிலைப் பட்டம். வாரத்தில் ஒன்றோ இரண்டோ ஷிப்ட். மீதி நேரம் முழுவதும் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்படும் என்பது ஒப்பந்தம். அந்த ஒதுக்கிய நேரத்தில்தான் இந்தப் பயிற்சியின் உயிர் இருக்கிறது.

அமெரிக்காவில் அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டதே 1979-ல்தான். ஆராய்ச்சிக்கு நிதி தரும் அங்குள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் (என்ஐஎச்) இதயம், சிறுநீரகம், நரம்பு என்று பெரும்பாலும் உறுப்புவாரியாகவும் நோய்வாரியாகவும் பிரிந்தவை. எல்லா உறுப்பும் ஒரே இரவில் வந்து வரிசையில் நிற்கும் எங்கள் துறைக்கு அங்கே சொந்த வீடு இல்லை. அவசர சிகிச்சை ஆராய்ச்சிக்கென்று ஓர் அலுவலகம் 2012-ல்தான் அமைந்தது. அதுவும் ஒருங்கிணைக்கும் அலுவலகமே தவிர, தானே நிதி வழங்குவதில்லை. ஆகவே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கக் கற்பதோடு, அந்தக் கேள்வியை எந்த வீட்டுக் கதவில் கொண்டுபோய்த் தட்டுவது என்பதையும் ஃபெலோ சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

என் முதல் ஆய்வு மிக எளிமையானதாகத் தோன்றியது. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளி வந்து சேர்ந்ததிலிருந்து முதல் ஆன்டிபயாட்டிக் உடலில் ஏறும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுக்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நானும் ஒரு மருத்துவ மாணவரும் ஒரே பதிவேடுகளைத் தனித்தனியாகப் படித்துக் குறித்தோம். இருவருடைய எண்களையும் ஒப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று பிரித்து, இருவர் குறித்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா எண்ணைக் கணக்கிட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால் கிடைத்திருக்கும் ஒற்றுமையைவிடக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. அவர் வந்த நேரம் என்று ஆம்புலன்ஸ் குறித்த நேரத்தை எடுத்திருந்தார். நான், யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கும் டிரையேஜ் செவிலியர் குறித்ததை எடுத்திருந்தேன். பதிவு மேசையின் கடிகாரம் மூன்றாவதாக ஒன்று சொன்னது. மருந்தின் நேரமும் அப்படித்தான்: மருத்துவர் உத்தரவு எழுதிய நேரம், மருந்தகம் சரிபார்த்த நேரம், செவிலியர் பார்கோடை ஸ்கேன் செய்த நேரம் என்று மூன்று இருந்தன.

ஸ்கேன் நேரம்தான் உண்மைக்கு அருகில் இருக்கும் என்று என் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஒரு மாலை முழுவதும் வேலை எதுவும் செய்யாமல் வார்டில் நின்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். எட்டரை மணி வாக்கில், இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்த ஒரு முதியவருக்குப் பைப்பராசில்லின்-டாசோபாக்டம் என்னும் ஆன்டிபயாட்டிக் பையை ஒரு செவிலியர் மாட்டினார். ஸ்கேனரில் சார்ஜ் இல்லை. பையின் உறையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த அறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்து, வேறொரு ஸ்கேனரைத் தேடிப் பிடித்து, அந்த உறையின் பார்கோடைக் காட்டியபோது இருபத்திரண்டு நிமிடம் கடந்திருந்தது. பதிவேட்டில் அந்த நோயாளிக்கு மருந்து இருபத்திரண்டு நிமிடம் தாமதம். அந்தச் செவிலியர் செய்ததில் தவறு எதுவும் இல்லை. சரியானதைச் சரியான நேரத்தில் செய்தார். தவறு, அந்த எண்ணை அப்படியே நம்பிக் கட்டுரை எழுதவிருந்த என்னுடையது.

இரண்டு ஆண்டில் கற்ற எல்லாவற்றிலும் மிக நீண்ட நாள் உழைத்தது இந்த ஒரு மாலைதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் பிறகு, எந்த ஆய்வானாலும் முதலில் ஒவ்வொரு மாறியையும் எப்படி, எந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு எண்கள் முரண்பட்டால் எதை எடுப்பது என்று எழுதிவைக்கும் வரையறைக் கோப்பைத்தான் தொடங்குகிறேன். மாறாக, மாதக்கணக்கில் கண்விழித்துப் படித்த புள்ளியியல் மென்பொருளில் பாதி மறந்துவிட்டது. அதற்கு வருத்தமும் இல்லை, ஏனென்றால் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யும் புள்ளியியலாளர் இருக்கிறார். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது மறக்காமல் இருந்தால் போதும்.

கட்டுரைகளைப் படிக்கும் முறையும் மாறியது. ரெசிடென்சியில் செப்சிஸ் சிகிச்சையை எங்களுக்குக் கற்பித்த மூத்தவர்கள், டெட்ராய்ட்டில் ஒரே மருத்துவமனையில் 263 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டு 2001-ல் வெளியான, ரிவர்ஸ் என்னும் மருத்துவரின் ஆய்வை வேதவாக்காகக் கொண்டு வளர்ந்தவர்கள். மையச் சிரைக்குழாய், அதன்வழி ஆக்சிஜன் அளவு, குறித்த இலக்குகள் என்று அது கட்டளையிட்டது. 2014-ல் 31 மருத்துவமனைகளில் 1,341 பேரை வைத்து நடந்த புராசெஸ் ஆய்வு, அந்த நெறிமுறைக்கும் வழக்கமான சிகிச்சைக்கும் இறப்பில் வேறுபாடு காணவில்லை. இதைப் பலரும் ‘ரிவர்ஸ் தவறு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஃபெலோஷிப்பின் வாராந்தரக் கூட்டத்தில் இரண்டு ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விவாதித்தோம். இடைப்பட்ட காலத்தில் ‘வழக்கமான சிகிச்சை’யே மாறிவிட்டது, சீக்கிரம் கண்டுபிடிப்பதும் சீக்கிரம் மருந்து கொடுப்பதும் எங்கும் பழக்கமாகிவிட்டன. முதல் ஆய்வு தூண்டிவிட்ட மாற்றமே, பின்னால் வந்த ஆய்வில் வேறுபாடு தெரியாமல் போனதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை அந்த மேசையில்தான் புரிந்துகொண்டேன்.

மற்றத் துறையினருக்கு அதிகம் வாய்க்காத ஒரு சிக்கல், சம்மதம். வலிப்பு நிற்காமல் வரும் நோயாளியிடம் எந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது? அமெரிக்காவில் 1996 முதல், மிகக் கடுமையான நிபந்தனைகளுடன், முன்சம்மதம் இல்லாமலே இத்தகைய ஆய்வை நடத்த விதிவிலக்கு உண்டு. ராம்பார்ட் ஆய்வு அப்படி நடந்ததுதான்: 893 நோயாளிகள், வலிப்பை நிறுத்தத் தசையில் போடும் மிடசோலாமா, சிரையில் போடும் லோரசெபாமா என்ற கேள்வி, மருத்துவமனையை அடையும் முன்பே வலிப்பு நின்றவர்கள் முதல் குழுவில் 73.4 சதவீதம், இரண்டாவதில் 63.4 சதவீதம். ஆனால் விதிவிலக்குக்கு முன்நிபந்தனையாக, அந்தப் பகுதி மக்களைச் சந்தித்துக் கலந்து பேச வேண்டும்; சேர விரும்பாதவர்களுக்கு அடையாளக் கைப்பட்டையும் கொடுப்பதுண்டு. வேறொரு ஆய்வுக்காக அப்படி ஒரு தேவாலயக் கூடத்தில் பேசிய மாலையில், முன்வரிசையில் இருந்த ஒரு பேருந்து ஓட்டுநர் எழுந்து, “எனக்கு அந்த நோய் எப்போதாவது வருமா என்றே தெரியாது. வேண்டாம் என்று சொல்ல எத்தனை வருடம் இந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டே குளிக்க வேண்டும்?” என்று கேட்டார். கூடம் சிரித்தது. என்னிடம் நல்ல பதில் இல்லை. அறிக்கையில் அந்தக் கேள்வியை அவர் சொன்னபடியே சேர்த்தேன். நெறிமுறைக் குழுவில் அதிக நேரம் பேசப்பட்டதும் அதுதான்.

இனி குறைகள். இரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் துறையில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. ‘இந்த மாதம் மட்டும்’ என்று இரண்டு ஷிப்டைக் கூட்டினார்கள். அந்த மாதம் ஏப்ரல் வரை நீண்டது. இரவு ஷிப்ட் முடித்த மறுநாள் தாளில் ஆராய்ச்சி நாளாக இருக்கும், தலையில் இருக்காது. பக்கத்து மருத்துவமனையின் தரவைப் பெறுவதற்கான ஒப்பந்தம் வழக்கறிஞர்களின் மேசையில் ஏழு மாதம் கிடந்தது. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். முதன்மை வழிகாட்டி பாதியில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனதுதான் பெரிய அடி. தொலைவிலிருந்து அவர் உதவினார் என்றாலும், நடைவழியில் நிறுத்தி ஐந்து நிமிடம் கேட்கும் கேள்விகளை யாரும் வீடியோ கூட்டம் வைத்துக் கேட்பதில்லை. சம்பளம் பற்றி நீட்ட வேண்டியதில்லை: என்னோடு ரெசிடென்சி முடித்து நேராக வேலைக்குப் போனவர்கள் வாங்கியதில் பாதிகூட இல்லை.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று விசா. ஃபெலோஷிப் முடித்தவர் அடுத்து ஏற வேண்டிய படியாகக் காட்டப்படுவது இளம் மருத்துவ ஆராய்ச்சியாளர்களுக்கு என்ஐஎச் தரும் கே23 நிதி. அதைப் பெறக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருந்த எனக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பச்சை அட்டை வரிசை எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜே-1 என்னும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் இருப்பவர்கள் நிலை இன்னும் இக்கட்டு. சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வர வேண்டும், அல்லது அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு தரும் கான்ராட் திட்டத்தில் மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்று ஆண்டு முழுநேரம் வேலை பார்க்க வேண்டும். இரண்டிலுமே, சூடு ஆறுவதற்குள் தொடர வேண்டிய ஆராய்ச்சி ஆறிப் போகும். என்ஐஎச்சின் பெரிய ஆய்வு நிதியான ஆர்01 போன்றவற்றுக்குக் குடியுரிமைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அனுபவசாலிகளோடு அங்கே போட்டியிட வேண்டும். நான் பலமருத்துவமனை ஆய்வுகளில் எங்கள் இடத்தின் பொறுப்பாளராகச் சேர்ந்து, பக்கவாட்டு வழியாகத்தான் வந்தேன். மீண்டும் சேர்வாயா என்றால் சேர்வேன். ஆனால் கையெழுத்திடும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டுத்தான்.

நேர்முகத்துக்குப் போகிறவர்கள், எத்தனை கட்டுரை வெளியிட்டீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடைசி மூன்று ஃபெலோக்கள் இரண்டாம் ஆண்டு ஜனவரியில் எத்தனை ஷிப்ட் பார்த்தார்கள் என்று கேளுங்கள். வழிகாட்டி இடம் மாறினால் அடுத்தவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். அவர்கள் அறிமுகப்படுத்தும் பழைய ஃபெலோக்களுடன் மட்டும் நிறுத்திக்கொள்ளாமல், பாதியில் விட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள்.