பழைய பொம்மைக் கார்களும் முன்கட்டணச் சுங்க வரியும்: ஒரு பார்சல் சேவையைப் பற்றி

வெளிநாட்டிலிருந்து பழைய பொம்மைகளை வரவழைப்பவர்களுக்குப் பொருளின் விலையைவிட, பார்சலோடு வந்து நிற்கும் சுங்க ரசீதுதான் அதிகக் கவலை தரும். பொருளுக்குப் பணம் கட்டும்போதே சுங்க வரியையும் இதர வரிகளையும் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு பன்னாட்டுப் பார்சல் சேவையைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன்.

வழக்கமான முறையில் கூரியர் நிறுவனமே வரியைக் கட்டிவிட்டு, தன் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து நம்மிடம் வசூலிக்கும். விலை குறைந்த ஒரு காருக்கு அந்தக் கட்டணம் வரியையே மிஞ்சிவிடுவதுண்டு. திட்டு விழுவதென்னவோ சுங்கத்துறைக்குத்தான். இந்தச் சேவையில் அத்தொகை தனியாகக் கேட்கப்படுவதில்லை, பணத்துக்காகப் பார்சல் கிடங்கில் முடங்குவதும் இல்லை என்பது பெரிய நிம்மதி.

குறை இருப்பது வகைப்படுத்தலில். சுங்கத்துக்காகச் சரக்குகளை எண்களால் வகைப்படுத்தும், உலகின் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் எச்.எஸ். குறியீட்டில் பொம்மைகள் 9503 என்ற தலைப்பில் அடங்கும். நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருள்களுக்கு 9706 என்ற தனித் தலைப்பு உண்டு, பல நாடுகளில் அதற்கு வரியும் குறைவு. 1947-இல் தொடங்கிய லெஸ்னி நிறுவனத்தின் மேட்ச்பாக்ஸ் கார்களையோ, 1968-இல் வந்த முதல் ஹாட் வீல்ஸ் கார்களையோ ‘விண்டேஜ்’ என்று விற்பனையாளர் எத்தனை முறை எழுதினாலும் சுங்கத்தின் பார்வையில் அவை பொம்மைகளே. ஆகவே அவற்றை 9503-இல் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் முதல் உலகப் போருக்கு முன் நியூரம்பெர்க்கில் பிங் நிறுவனம் செய்த தகரப் பொம்மைக்கும் இச்சேவையின் படிவத்தில் ‘பொம்மை’ என்ற ஒரே தேர்வுதான் இருக்கிறது. தயாரிப்பு ஆண்டை எழுத இடமில்லை, பழமைக்கான சான்றிதழை இணைக்கவும் வழியில்லை. விலையுயர்ந்த பொருளுக்கே சலுகை கிடைக்காமல் போவது இப்படித்தான்.

மதிப்பீட்டில் இவர்கள் கறாரானவர்கள். பல நாடுகளில் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டித்தான் வரி போடப்படுகிறது என்பதால், கணக்கு முதலில் அதிகமாகத் தோன்றும். விலையைக் குறைத்துக் காட்டவோ ‘அன்பளிப்பு’ என்று எழுதவோ இவர்கள் சம்மதிப்பதில்லை. அது பொய் அறிவிப்பு என்பதோடு, பொருள் உடைந்தால் அறிவித்த மதிப்புக்கு மேல் இழப்பீடும் கிடைக்காது என்பதால், இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சோதனைக்காகத் திறக்கப்பட்ட ஒரு பார்சலை மீண்டும் ஒட்டியபோது, அகலமான டேப் காரின் அசல் அட்டைப்பெட்டியின் மேலேயே பதிந்து, பிரிக்கையில் மஞ்சள் அச்சும் மடிப்பு நாக்கும் உரிந்து வந்துவிட்டன. சேகரிப்பாளருக்கு அந்தப் பெட்டியே பாதி மதிப்பு. அட்டைப்பெட்டியைத் தனி பிளாஸ்டிக் உறையில் வைக்கும்படி விற்பனையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

திருப்பியனுப்பும் பொருளுக்குக் கட்டிய வரியை இவர்கள் தாமாகத் திருப்பித் தருவதில்லை; சுங்க ரசீதும் கேட்டால்தான் வருகிறது. கேட்டு வாங்கிக்கொள்பவர்களுக்கு, நூறு ஆண்டுக்கு உட்பட்ட பொம்மைகளை வாங்க இந்தச் சேவையைத் தயங்காமல் சொல்வேன். அதைவிடப் பழையதற்கு, ஆவணங்களைப் பார்த்துத் தாக்கல் செய்யும் சுங்க முகவரே மேல்.