எம்1 ஏற்பி செல் வரிசையோடு ஆறு ஆண்டுகள்

மருந்துச் சேர்மங்களைச் சோதிப்பதற்காக, மஸ்கரினிக் எம்1 ஏற்பி (அசிட்டைல்கோலினை உணரும் செல் புரதம்) நிலையாகப் பொருத்தப்பட்ட சிஎச்ஓ செல் வரிசையை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1957-இல் தியோடர் பக் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வளர்த்தெடுத்த செல்களின் வழிவந்தவை இவை. மஸ்கரினிக் ஏற்பிகள் இவற்றுக்கு இயல்பாகக் கிடையாது. எச்இகே293 என்ற மனிதக் கருச் சிறுநீரகச் செல்களிலோ அதே குடும்பத்து எம்3 ஏற்பி முன்பே குடியிருக்கிறது. அந்தக் கலப்பு வேண்டாம் என்றுதான் சிஎச்ஓவைத் தேர்ந்தெடுத்தோம். அந்த முடிவில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

இந்தச் செல்கள் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. கால்சியம் சேர்ந்தால் ஒளிரும் ஃப்ளூவோ-4 சாயத்தை ஏற்றி, 384 குழித் தட்டை ஒளி அளவிக்குள் வைத்து, ஏற்பியைத் தூண்டும் கார்பகால் சேர்த்தால், சில நொடிகளில் ஒவ்வொரு குழியின் கோடும் செங்குத்தாக எழுந்து, பின்னர் மெல்லத் தணியும். செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியம் பீறிட்டு வெளியேறும் கணம் அது. ஏற்பியைத் தடுக்கும் அட்ரோபினை முன்னதாகவே இட்ட குழிகளில் கோடு அசையாமல் படுத்திருக்கும். எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சிஎச்ஓ செல்கள் சாயத்தை வெளியே தள்ளிவிடும். அதைத் தடுக்கும் புரோபெனெசிட் சேர்க்க மறந்தால் பின்னணி ஒளி ஏறி, அளவீடு மங்கிப்போகும்.

சிக்கல் மூன்றாம் ஆண்டில் வந்தது. ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு தட்டிலும் பைலோகார்பின் வைப்போம். அது பகுதி இயக்கி, அதாவது ஏற்பியை முழு அளவுக்குத் தூண்டாத சேர்மம். ஆனாலும் எங்கள் செல்களில் தொடக்கத்திலிருந்தே அதன் உச்சம் கார்பகாலுக்கு ஏறக்குறைய இணையாக இருந்தது. ஒரு கட்டத்தில் அந்த உச்சம் வாரத்துக்கு வாரம் சரியத் தொடங்கி, மூன்றில் இரண்டு பங்குக்கு வந்து நின்றது. கார்பகாலின் உச்சம் குறையவில்லை. ஆனால் அதன் இசி50 (பாதி உச்சத்துக்குத் தேவைப்படும் செறிவு) வலப்பக்கம் நகர்ந்து, கூடியிருந்தது. முதலில் கரைசலைச் சந்தேகித்தேன், பிறகு பிப்பெட்டை. பத்து நாட்கள் வீணாயின. மைக்கோபிளாஸ்மா பாக்டீரியத் தொற்றுச் சோதனையிலும் எதுவும் இல்லை. கடைசியில் வளர்ப்புக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: செல்கள் 41-ஆவது பாசேஜில் (புதிய கலத்துக்கு மாற்றி வளர்க்கும் சுற்றில்) இருந்தன. பொருத்திய மரபணு உள்ள செல்களை மட்டும் வாழவிடும் ஜி418 மருந்து, சில வாரங்களாக ஊடகத்தில் சேர்க்கப்படவே இல்லை. ஏற்பி குறைந்த செல்கள் தடையின்றிப் பெருகி, மற்றவற்றை மெல்ல மெல்ல ஓரங்கட்டிவிட்டன. திரவ நைட்ரஜனிலிருந்து பழைய குப்பி ஒன்றை எடுத்து வளர்த்தோம். பைலோகார்பின் பழைய உயரத்துக்குத் திரும்பியது.

அந்த நிம்மதி எனக்கு ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. திரும்பி வந்த அந்த உயரம் மட்டும் உண்மையானதா? தேவைக்கு மேல் ஏற்பிகள் குவிந்திருக்கும் செல்லில், பலவீனமான இயக்கிகூட முழுப் பலத்தோடு தெரியும். சில ஏற்பிகளைத் தூண்டினாலே செல் தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அப்படியென்றால், அதுவரை "முழு இயக்கி" என்று நாங்கள் பதிந்த சேர்மங்களில் எத்தனை அந்தப் பெயருக்குத் தகுதியானவை? ஏற்பிகள் குறைவாக உள்ள இன்னொரு குளோனில் (ஒரே செல்லிலிருந்து பெருக்கிய வரிசையில்) அவை எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். பல சேர்மங்கள் பகுதி இயக்கிகளாக இறங்கின. ஒரு செல்லில் கிடைத்த உச்ச விழுக்காட்டைச் சேர்மத்தின் நிலையான குணம் என்று எழுதுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். எந்தக் குளோன், எத்தனையாவது பாசேஜ் என்ற விவரம் இல்லாமல் எங்கள் அட்டவணையில் இப்போது ஓர் எண்ணும் ஏறுவதில்லை.

ஏற்பி பொருத்தாத தாய்ச் செல்களையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு சேர்மம் அவற்றிலும் அதே வேகத்தில் கோட்டை எழுப்பியது. சிஎச்ஓ செல்களில் ஏடிபி என்ற மூலக்கூறுக்குப் பதில் சொல்லும் பி2ஒய் ஏற்பிகள் இயல்பாகவே உண்டு. அந்தச் சேர்மம் தட்டியது அந்தக் கதவைத்தான். கண்டுபிடித்த அன்று மனம் கனத்தது. ஆனால் ஓராண்டு உழைப்பு மிச்சமானது.

ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலித்தெடுக்க இந்த வரிசையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சோதனையின் தரத்தைக் காட்டும் இசட் பிரைம் மதிப்பு பெரும்பாலான நாட்களில் 0.5-க்கு மேலேயே நிற்கிறது. சேர்மங்களின் பலத்தை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் மட்டும், ஏற்பி குறைந்த குளோனையும் சேர்த்து வாங்குங்கள். வாங்கிய வாரத்திலேயே குறைந்த பாசேஜில் நிறையக் குப்பிகளை உறையவையுங்கள். நாங்கள் 25-ஆவது பாசேஜோடு நிறுத்திவிட்டுப் புதிய குப்பியைத் திறக்கிறோம்.