செத்த பேட்டரியா, சார்ஜ் இறங்கிய பேட்டரியா: வாரண்டி கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பினால் டக்-டக்-டக் என்று ரிலே அடிக்கிறது, டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன, எஞ்சின் சுற்றவில்லை. இது பேட்டரி. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள். டெர்மினலையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பாருங்கள். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றித் தேய்த்து, 10 எம்எம் ஸ்பேனரால் இறுக்கினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும்.

சின்ன பெட்ரோல் கார்களில் பரவலாக வருவது 38B20L அளவு, 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. முதல் இரண்டு வருடம் அது இருக்கும் இடமே தெரியாது. மூன்றாம் வருடத்தில், இரண்டு நாள் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது ஸ்டார்ட்டர் கொஞ்சம் இழுத்துச் சுற்றும். அதுதான் முதல் அறிகுறி. சென்னை, வேலூர் வெயிலில் மூன்று, நான்கு வருடம் ஓடினால் நியாயமான ஆயுள்தான். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் பாசிட்டிவ் தகட்டின் கம்பிச்சட்டம் அரிக்கப்படுகிறது, நீர் வற்றுகிறது. சேதம் சித்திரையில் நடக்கும். வண்டி படுப்பது பல மாதம் கழித்து ஒரு மழைநாளில்.

வாரண்டி கேட்பவர்களில் பலர் தோற்பது ஒரே இடத்தில்: சார்ஜ் இறங்கிய பேட்டரியைச் செத்த பேட்டரி என்று கொண்டுபோவது. கம்பெனிக்காரர் ஒரு நாள், இரண்டு நாள் சார்ஜில் போட்டு, ‘நல்லா இருக்கு சார்’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. விளக்கை அணைக்க மறந்ததற்கு அல்ல. அதனால் முதலில் நீங்களே அளந்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் என்பது முழு சார்ஜ், 12.2 பாதி, 12.0-க்குக் கீழே கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் பக்கம்தான் கோளாறு. புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது சிவப்பு வயரின் ஒரு முனை செத்த பேட்டரியின் பாசிட்டிவ், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ். கருப்பு வயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையைச் செத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் பிடியுங்கள். பேட்டரியிலேயே மாட்டினால், அங்கே தேங்கும் ஹைட்ரஜன் வாயுவில் பொறி பட்டு வெடிக்கலாம். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது நேர் தலைகீழ் வரிசையில். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். அதிலும் பேட்டரி துளிகூட உயிரில்லாமல் இருந்தால் பெட்ரோல் பம்பும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் வேலை செய்யாது, தள்ளுபவர்களுக்கு மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

கிளம்பியதும் அரை மணி நேரம் ஊர் சுற்றினால் சார்ஜ் ஏறிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. காலியான 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கு மேல் சார்ஜர் தேவை. முழு சார்ஜ் ஏற்றி, 12 மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளங்கள். 12.6 நின்றால் பேட்டரி பிழைத்தது. 10.5 பக்கத்தில் நின்றால் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட். க்ளெய்முக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் உள்ளே பலமில்லை. பேட்டரியின் மேலே சார்ஜ் நிலையைக் காட்டும் பச்சைக் கண்ணாடியை நம்பாதீர்கள். அது ஆறில் ஒரு செல்லை மட்டும்தான் பார்க்கிறது.

ஷோரூமில் ‘பேட்டரி எங்க வாரண்டியில வராது, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க’ என்பார்கள். பெரும்பாலான கார்களின் வாரண்டி புத்தகத்தில் டயரும் பேட்டரியும் அதனதன் தயாரிப்பாளர் பொறுப்பு என்றே இருக்கும். ஆனால் விற்றவர் உதவ வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். எந்த வழியாகப் போனாலும் ஜாப் கார்டு (புகாரைப் பதியும் சீட்டு) போடச் சொல்லுங்கள். ‘பேட்டரி செக்’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். தேதி, கிலோமீட்டர், சீரியல் நம்பர், ‘முழு சார்ஜுக்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற புகார், நான்கும் இருக்க வேண்டும். வண்டி இன்வாய்ஸ், ஆர்சி நகல், வாரண்டி கார்டு கையில் இருக்கட்டும். சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்த பிறகே பேட்டரியைக் கொடுங்கள். சோதனை முடியும் வரை ஸ்பேர் பேட்டரி கேளுங்கள், கேட்டால்தான் வரும்.

சோதனைக் கருவி துப்பும் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரி லேபிளில் உள்ள சிசிஏ எண்ணை (குளிரில் ஸ்டார்ட் செய்ய எவ்வளவு ஆம்பியர் தரும் என்ற அளவு) கருவியில் கையால் பதிய வேண்டும். லேபிளில் 300 இருக்க, அவசரத்தில் 250 என்று போட்டால் நோஞ்சான் பேட்டரியும் ‘குட்’ வாங்கிவிடும். ‘சார்ஜ் அண்ட் ரீடெஸ்ட்’ என்று வந்தால் அது நிராகரிப்பு இல்லை; மறுசோதனைச் சீட்டும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உடைசல், அழிந்த சீரியல் நம்பர், வெளியில் பொருத்திய ஹாரன், ஆம்ப்ளிஃபயர் வயர்கள் ஆகியவற்றைக் காட்டி மறுப்பது வழக்கம்.

இலவச மாற்றுக் காலம் முடிந்து, புது பேட்டரி விலையில் ஒரு பங்கை மட்டும் கழித்துத் தரும் புரோ-ரேட்டா காலத்தில் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிவு எம்ஆர்பி மீது. எம்ஆர்பி 6,000, கழிவு 25 சதவீதம் என்று வைத்தால் 4,500 கட்ட வேண்டும். பழையதைக் கொடுத்து வெளிக்கடையில் வாங்கினால் அதே பேட்டரி அந்த விலைக்கே கிடைக்கலாம், புது வாரண்டியோடு. இலவசமாக மாற்றித் தந்த பேட்டரிக்கோ பொதுவாகப் பழைய வாரண்டியின் மிச்ச மாதங்கள்தான். என் கணக்கில், புரோ-ரேட்டாவின் கடைசி வருடம் அலைச்சலுக்குப் பெறாது.

இலவசக் காலத்திலேயே காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால், மறுப்பை எழுத்தில் கேட்டுவிட்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

புது பேட்டரியில், டெர்மினல் எந்தப் பக்கம் என்று சொல்லும் L, R எழுத்தைச் சரிபாருங்கள்; மாறினால் வயர் எட்டாது. சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிக்கு, அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகையே வேண்டும், சாதாரணது சீக்கிரம் படுத்துவிடும். மாட்டிய பின் வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து நெகட்டிவ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரைத் தொடராகப் போட்டு, சும்மா நிற்கும்போது கசியும் கரன்ட்டை அளங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 300 காட்டினால் நாளுக்கு 7 ஆம்பியர்-ஹவர் கசிகிறது. மூன்றே நாளில் பாதிக்கு மேல் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ, அந்த இணைப்பில்தான் திருடன். அநேகமாக டேஷ்கேமோ, பிறகு பொருத்திய ஜிபிஎஸ்ஸோ.