கதியால் மாத்தும்போது கவனம்: வேலியோடு காணியும் நகரும்

மாரி மழை தொடங்கியதும் மட்டக்களப்புப் பக்கம் கதியால், அதாவது ஊன்றினால் வேர் பிடித்து வளரும் தடி, ஊன்றி வேலி அடைக்கும் வேலையும் தொடங்கிவிடும். அந்த நேரம் பக்கத்து வளவுக்காரர் வந்து, "செலவில பாதி நான் தாறன், ஆளையும் நானே கூட்டி வாறன்" என்றால் உடனே சம்மதிக்காதீர்கள்.

கல்லடிப் பக்கத்து வளவு ஒன்றில் இப்படியே மூன்று தரம் வேலி புதுப்பிக்கப்பட்டது. மூன்று தரமும் ஆள் பக்கத்துக்காரரின் ஆள். மூன்று தரமும் புதிய கதியால் பழைய அடிமரத்துக்கு இந்தப் பக்கமாகவே ஊன்றப்பட்டது. ஊன்றும்போது இரண்டு அங்குலத் தடிப்பாக இருக்கும் கிளிசரியாக் கதியால் சில வருடத்தில் ஆறு அங்குலத்துக்குப் பருத்துவிடும். அதை ஒட்டி அடுத்ததை ஊன்றினால் வேலியின் நடுக்கோடு நான்கு அங்குலம் நகரும். மூன்று தரத்துக்கு ஒரு அடி. நூறு அடி நீள வேலியில் அது நூறு சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. மூன்றில் ஒரு பேர்ச்சுக்கு மேல் போய்விட்டது. வேலியை ஒட்டி நின்ற முருங்கையும் அந்தப் பக்கமாகிவிட்டது. மற்றப் பாதிச் செலவைக் கொடுத்த வளவுக்காரர் தன் காணியைக் காசு கொடுத்து இழந்திருக்கிறார்.

பழைய வேலியில் கை வைக்க முன்னம் நில அளவைப் படத்தை எடுத்து, இரண்டு முனையிலும் எல்லைக்கல்லைத் தேடுங்கள். மணல் காணியில் கல் புதைந்து கிடக்கும். மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள், கல்லை அசைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 கடல்கோளில் கல்லே இல்லாமல் போன வளவுகள் கரையோரத்தில் உண்டு. அங்கே பதிவு பெற்ற நில அளவையாளர்தான் கல் போட வேண்டும். வேலிக்காரரின் கண்மதிப்பில் விடக் கூடாது.

கல் கிடைத்தால் கிணற்றுக் கட்டிலிருந்து ஒரு அளவு, வீட்டு மூலையிலிருந்து ஒரு அளவு, இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரு கல்லுக்கு இரண்டு அளவு இருந்தால், பிறகு யாராவது அதைப் பிடுங்கினாலும் இடம் பிடிபடும்.

ஏமாற்று நடப்பது கோடு பிடிக்கும் கயிற்றில்தான். தும்புக் கயிறு தொய்யும். பழைய மரம் ஒன்றில் முட்டினாலே நடுவில் வளைந்துவிடும். மெல்லிய நைலோன் நூல் பிடியுங்கள். அதையும் எல்லையில் பிடிக்காமல், இரண்டு கல்லிலிருந்தும் சரியாக இரண்டு அடி உங்கள் வளவுக்குள் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு கதியாலுக்கும் நூலிலிருந்து இரண்டு அடி அளந்து ஊன்றச் சொல்லுங்கள். பழைய அடிமரம் கோட்டில் நின்றால் அதைக் கிளப்பிவிட்டு அதே குழியில் ஊன்ற வேண்டும். "கிளப்ப நேரமில்லை, பக்கத்தில ஊன்றுவம்" என்ற பேச்சு வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

கதியாலிலும் ஏமாற்று உண்டு. வெட்டிப் பல நாள் வெயிலில் கிடந்த தடியைத் தருவார்கள். நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சையும் ஈரமும் இருக்க வேண்டும், மண்ணிறமாக இருந்தால் முளைக்காது. முற்றிய தடி, ஆறு ஏழு அடி நீளம், அடிப்பக்கம் சரிவான வெட்டு. அலவாங்கால் ஒன்றரை அடி குழி போட்டு இறக்கி, மண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் தலை பிளக்கும், தோல் உரியும், அழுகும். தலைகீழாக ஊன்றியதும் சரியாக வேர் பிடிக்காது. வேர் பிடிக்கும்வரை முள்ளுக்கம்பியை ஆணி வைத்து அறையாமல் கயிற்றால் கட்டி விடுங்கள்.

வேலியோரம் தென்னை வைக்க வேண்டாம். எல்லையிலிருந்து பதின்மூன்று அடியாவது விடுங்கள், இல்லாவிட்டால் ஓலையும் தேங்காயும் அடுத்த வளவில் விழும். பாகல், பயற்றை படர்த்துவதென்றால் பந்தலை வேலியில் கட்டாமல் ஒன்றரை அடி உள்ளே போடுங்கள். அப்போது காய் உங்கள் பக்கமே நிற்கும், ஆய்வதற்கு அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டப்படி தனியார் காணியைப் பத்து வருடம் தடையின்றி, தனதென்று ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். மெல்ல நகர்ந்த வேலி அந்தப் பத்து வருடத்தை ஓசையில்லாமல் கடந்துவிடும். எல்லை இதுதான் என்று அளவோடு எழுதி, திகதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைத்த ஒரு தாள் அந்தக் கோரிக்கையைப் பலவீனமாக்கும். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியில் இந்தக் கோரிக்கை எடுபடாது, ஆனாலும் அளவைக் காட்டப் படம் வேண்டும்.

எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்க இணக்க சபைக்குப் போகும்போது அந்தத் தாள், நில அளவைப் படம், நாடா பிடித்து எடுத்த புகைப்படம் மூன்றையும் கொண்டுபோங்கள். வேலியைப் பலவந்தமாகப் பிடுங்கி உள்ளே வந்துவிட்டால் அன்றே பொலிசில் முறைப்பாடு எழுதுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் காணியைத் திரும்ப உங்களிடம் ஒப்படைக்கக் கட்டளையிட வேண்டுமானால், விடயம் அங்கே பதிவாவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். பேசித் தீர்ப்பம் என்று மூன்றாம் மாதம்வரை இழுத்தடிப்பது பக்கத்துக்காரருக்குத்தான் வசதி.