நான்கு வருடக் கணினியும் இரண்டு வருட நீலத்திரையும்

மன்னார்குடியில் இருக்கும் என் சிநேகிதி போன வாரம் போனில் கேட்டாள்: "பொண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்டி. உன்கிட்ட இருக்கற மாதிரியே அசெம்பிள் பண்ணிடலாமா?" உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை எழுதியே வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் கணினி 2021 தீபாவளிக்கு வாங்கியது. ரைசன் 5 5600ஜி பிராசசர், எட்டு ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி. சுவாமிமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்துக் கும்பகோணத்து அச்சகங்களுக்கு அனுப்புவது என் வேலை. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஆனாலும் கோரல்டிராவையும் போட்டோஷாப்பையும் ஒன்றாகத் திறந்து வைத்து, நூற்றுக்கணக்கில் தமிழ் எழுத்துருக்களை ஏற்றி வைத்திருந்தும் அது திணறியதே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வேலை செய்தாலும் பக்கத்தில் படுத்திருக்கும் மாமியாருக்கு ஃபேன் சத்தம் கேட்காது. போட்ட காசுக்கு நிறைவாக உழைத்தது.

2023 ஆவணியில்தான் முதல் அடி. ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ். உபயதாரர் பட்டியலில் நூற்றிச் சொச்சம் பேர். இன்ஷியல் ஒன்று மாறினாலும் ஊரில் சண்டை வரும், அதனால் ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டின் ஒரே ஒரு துணுக்கு "ட்ர்ர்ர்" என்று ஸ்பீக்கரில் சிக்கிக்கொண்டது. அம்புக்குறி நகரவில்லை. இரண்டு விநாடி கழித்துத் திரை முழுக்க நீலம், அழுமூஞ்சி, கீழே சுழியத்திலிருந்து ஏறும் சதவீதம். விண்டோஸ் நிலைகுலைந்து நின்றால் காட்டும் நீலத்திரை அது. கடைசியாகச் சேமித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை வரும். சில சமயம் இருபது நாள் வரவே வராது. பெரிய படத்தைத் திறக்கும்போது வராது, சும்மா மின்னஞ்சல் பார்க்கும்போது வரும். எதனால் என்று பிடிபடவே இல்லை.

கணினியைக் கட்டிக்கொடுத்த கடைக்கே எடுத்துப்போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும், பார்மட் அடிச்சிரலாம்." அறுநூறு ரூபாய். வீட்டுக்கு வந்து எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் திரும்ப ஏற்றவே இரண்டு நாள் போனது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே நீலம். மறுபடி கடை, மறுபடி பார்மட். மூன்றாவது முறையும் அதே. என் கோபமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான். ஒரு பாகம் கெட்டுப்போவது யார் குற்றமும் இல்லை, பொருள் என்றால் கெடும். சோதித்துப் பார்க்காமலேயே மூன்று முறை காசு வாங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

நான்காவது முறை அவர்கள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து "கெர்னல் பவர் 41" என்ற வரியைக் காட்டினார்கள். பவர் என்று இருக்கிறது, ஆகவே எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போச்சு என்று புதிதாக ஒன்று மாட்டி மூவாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள். அந்த 41க்கு, கணினி முறையாக அணையாமல் நின்று மறுபடி கிளம்பியது என்பது மட்டும்தான் அர்த்தம். காரணம் அதில் இருக்காது. விவரப் பகுதியில் பக்செக்கோட் என்று நீலத்திரையின் பிழை எண் ஒன்று இருக்கும். கரண்ட் போய் நின்றிருந்தால் பெரும்பாலும் சுழியம் இருக்கும். எனக்கு ஒரு முறை 26, ஒரு முறை 80, ஒரு முறை 10 என்று இருந்தது. ஒரு நிமிடம் அதைப் படித்திருந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் பழி விழுந்திருக்காது.

கரண்ட் மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கி ஃபேன் மெதுவாகச் சுற்றும். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அந்தச் சுள் நின்றது. யுபிஎஸ்ஸும் வாங்கினேன். இரண்டுமே செய்ய வேண்டிய வேலைதான், வருத்தமில்லை. தையில் வீட்டுக்குப் பின்னால் அறுவடை மெஷின் ஓடி, வைக்கோல் தூசி ஃபேன் இறக்கையில் கம்பளி மாதிரி அடைந்திருந்ததையும் சுத்தம் செய்தேன். நீலத்திரை மட்டும் போகவில்லை.

2024 ஜூலையில் உலகம் முழுக்க எண்பத்தைந்து லட்சம் கணினிகள் நீலமாகி விமான நிலையங்கள் நின்றன. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட் அது. பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு "உன்னோடதும் இதுதானே" என்று கேட்காத ஆள் இல்லை. அது பெரிய நிறுவனங்கள் போடும் மென்பொருள், என் கணினியில் இல்லவே இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் வழி காட்டியது கோயம்புத்தூரில் படிக்கும் என் தம்பி மகன். 2025 ஆடி மாதம். கல்யாணப் பத்திரிகை வேலை இல்லாத நேரம். "அத்தை, சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒண்ணு இருக்கும், அதுல இருக்கறதை எல்லாம் அனுப்புங்க" என்றான். ஒவ்வொரு நீலத்திரையின்போதும் விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. கடைசி பார்மட்டுக்குப் பிறகு சேர்ந்த ஒன்பது கோப்புகள் இருந்தன. ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒன்பதுல ஆறு வேற வேற கோட். ஒரு தடவை கிராபிக்ஸ் டிரைவர் மேல பழி, ஒரு தடவை நெட்வொர்க் டிரைவர் மேல, ஒரு தடவை விண்டோஸ் மேலயே. ஒரே டிரைவர் திரும்பத் திரும்ப வந்தா அதுதான் திருடன். இப்படி ஆளாளுக்கு மாட்டினா பெரும்பாலும் ராம்தான் அத்தை." டிரைவர் என்றால் கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சின்ன மென்பொருள்.

விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனையை நான் முன்பே ஓட்டி, பழுதில்லை என்று பதில் வாங்கியிருந்தேன். அது போதாது என்றான். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ராம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் படுத்தேன். முதல் இரண்டு சுற்றிலும் ஒன்றுமில்லை. விடிகாலை வாசல் தெளிக்க எழுந்தபோது கூடத்தில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. திரையில் வரி வரியாகச் சிவப்பு. இரண்டு வருடமாக என்னைப் படுத்தியது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில் வாளியோடு அப்படியே நின்றேன்.

மொத்தப் பதினாறு ஜிபியில் எல்லாப் பிழையும் 13 ஜிபிக்கு மேலேயே இருந்தது. பார்மட் அடித்ததும் சில வாரம் நன்றாக ஓடியது ஏன் என்று அப்போது ஊகிக்க முடிந்தது. புதிதாக ஏற்றிய கணினியில் நினைவகம் அவ்வளவு நிறைவதில்லை. என் எழுத்துருக்களும் மென்பொருள்களும் சேரச் சேரத்தான் அந்தக் கெட்ட மூலைக்கு அடிக்கடி வேலை வந்திருக்கும். அங்கே எது போய் உட்கார்ந்ததோ அதன் மேல் பழி. இந்தக் கணினியில் கிராபிக்ஸுக்கும் அதே ராம்தான், அதனால்தான் அந்த டிரைவரும் மாட்டியது.

இரண்டு ராமும் இணைந்து ஓடும்போது பிழை எந்தத் துண்டில் என்று அந்த 13 ஜிபி என்ற எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பை விலக்கி எடுத்தேன். தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம். அழிரப்பரால் மெல்லத் தேய்த்தால் ரப்பரில் கறுப்பு ஏறுகிறது, பற்கள் பளபளக்கின்றன. அது எல்லா சர்வீஸ் கடையிலும் செய்கிற வைத்தியம், சில சமயம் அதுவே போதும். எனக்குப் போதவில்லை. ஒரு துண்டு இரண்டு ஸ்லாட்டிலும் சுத்தம். இன்னொன்று எதில் போட்டாலும், வேகத்தை 3200லிருந்து 2133க்குக் குறைத்தாலும், சிவப்பு.

பில்லைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். கெட்ட ராமை வாரண்டியில் திருச்சி சர்வீஸ் சென்டரில் கொடுத்து மூன்று வாரத்தில் மாற்றுத் துண்டு வந்தது, ஒரு பைசா கேட்கவில்லை. அந்த மூன்று வாரமும் எட்டு ஜிபியோடு ஓட்டினேன். மெதுவாக இருந்தது, நிற்கவில்லை. புதியதைப் போட்ட பிறகு இன்று வரை ஒரு முறைகூட நீலத்திரை இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் எல்லா ராமையும் இழுத்துக்கொண்டு 2025 கடைசியிலிருந்து விலை ஏறியதைப் பார்க்கும்போது, அந்த பில் எனக்குப் பெரிய உதவி.

ஆறாத ஒன்று உண்டு. கெட்ட ராம் கணினியை நிறுத்துவதோடு விடுவதில்லை. நாம் சேமிக்கும் கோப்பும் நகலெடுக்கும் கோப்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. என் பேக்கப்பில் ஏழு பத்திரிகைகள் இப்போது திறப்பதில்லை. அந்தக் கும்பாபிஷேக நோட்டீஸும் அதில் ஒன்று.

சரி, வாங்கலாமா? கணக்குப் போட்டால் நான் கொடுத்த விலைக்கு இவ்வளவு வேலை செய்யும் கணினி வேறு கிடைத்திருக்காது. ஆனாலும் உன் பெண்ணுக்கு இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் படிக்கிற பிள்ளை. ராத்திரி ஒரு மணிக்கு அவள் எழுதியது போய்விட்டது என்றால் என் முகம்தான் உனக்கு ஞாபகம் வரும். இன்னமும் ஸ்பீக்கரில் சின்னக் கரகரப்பு கேட்டால் என் விரல் தானாகக் கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போய்விடுகிறது. வேண்டாம், நல்ல பிராண்டில் ஒரு லேப்டாப்பாக வாங்கிக் கொடு.

அதையும் மீறி இதைத்தான் வாங்குவாய் என்றால், கொண்டுவந்த முதல் ராத்திரியே மெம்டெஸ்ட்டை ஓட விட்டுப் படு. காலையில் எழுந்ததும் திரையைப் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு.