டபிள்யூசஸா, இன்ட்யூனா? அலுவலகக் கணினிகளுக்கு அப்டேட் போடும் இரண்டு வழிகள்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. அலுவலகத்தில் உள்ள அத்தனை கணினிகளும் தனித்தனியாக அவற்றை இறக்கினால் இணைய இணைப்பு திணறும், எதில் என்ன ஏறியது என்ற கணக்கும் இருக்காது. ஆகவே ஒரு மைய ஏற்பாடு வேண்டும். பெரும்பாலும் பேச்சு வந்து நிற்பது, அலுவலகச் சர்வரிலேயே ஓடும் மைக்ரோசாஃப்டின் பழைய டபிள்யூசஸிலும் (WSUS), இணையம் வழியாகக் கணினிகளை நிர்வகிக்கும் அதன் புதிய சேவையான இன்ட்யூனிலும்தான் (Intune).

டபிள்யூசஸ் 2005-ல் வந்தது. விண்டோஸ் சர்வரோடே கிடைப்பதால் தனிக் கட்டணம் இல்லை. சர்வர் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளும். மற்ற கணினிகள் 8530 அல்லது 8531 என்ற போர்ட் (வலையமைப்பு வாசல்) வழியாக அதனிடம் வாங்கிக்கொள்ளும். இன்ட்யூனில் அப்படி ஒரு சர்வரே நம்மிடம் இருக்காது. கணினிகள் நேராக மைக்ரோசாஃப்டிடம் இறக்குகின்றன, எப்போது என்ற விதியை மட்டும் நாம் எழுதுகிறோம்.

கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதைவிட, யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் பெரிய வித்தியாசம். டபிள்யூசஸில் தானியங்கி ஒப்புதல் விதி எதுவும் இயக்கப்படாமல் இருந்தால், நிர்வாகி 'அப்ரூவ்' கொடுக்கும்வரை அப்டேட் ஏறாது. அவர் விடுப்பில் போனால் அப்டேட்டும் விடுப்பில் போகும். இன்ட்யூனில் நேர்மாறு: தடுக்காதவரை எல்லாம் போகும். மாதாந்திர அப்டேட்டை அதிகபட்சம் 30 நாள் தள்ளிப்போடலாம், விண்டோஸின் புதிய பதிப்பை 365 நாள் வரை. நிறுத்தி வைத்தாலும் 35 நாளில் தானாகத் தொடர்ந்துவிடும்.

2017-ல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது மே 12 அன்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-லேயே வந்துவிட்டது. 30 நாள் தள்ளிப்போட்டிருந்தாலும் ஏப்ரலில் ஏறியிருக்கும். அதனால்தான் என் ஓட்டு, தானாக நகரும் ஏற்பாட்டுக்கு. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பக் கூடாது. முதலில் ஐடி துறை, அப்புறம் துறைக்கு ஒருவர், பிறகு மற்றவர்கள் என்று வளையம் வளையமாகப் போக வேண்டும். இரண்டிலும் இது முடியும். டபிள்யூசஸில் குழுக்களுக்குத் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும், இன்ட்யூனில் வளையத்துக்கு ஒரு விதி போதும்.

பராமரிப்பில் டபிள்யூசஸ் ஆளைச் சோதிக்கும். காலாவதியான அப்டேட்டுகளை நீக்காமல் விட்டால் தரவுத்தளம் ஊதிப்போய், அதன் நிர்வாகத் திரையான கன்சோல் 'ரீசெட் சர்வர் நோட்' என்ற பொத்தானைக் காட்டிவிட்டு நிற்கும். கணினிகளை ஒரே இமேஜிலிருந்து (விண்டோஸ் நிறுவலின் முழு நகல்) சரியாகத் தயார்செய்யாமல் நகலெடுத்திருந்தால் அவை ஒரே அடையாள எண்ணோடு வந்து, பட்டியலில் ஒன்று தெரியும்போது மற்றது காணாமல் போகும். இலவசம் என்கிறார்கள், சரி. இதைத் துடைத்துக் கழுவும் ஆளின் நேரமும் செலவுதானே? இன்ட்யூனுக்கு ஆள் தலைக்கு உரிமம் வாங்க வேண்டும், அதுவே அதன் பெரிய தடை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் மடிக்கணினிகளுக்கு இன்ட்யூன்தான் பொருத்தம். விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) போடாத மடிக்கணினி, உள்ளே இருக்கும் டபிள்யூசஸ் சர்வரை மாதக்கணக்கில் பார்க்காமலே இருந்துவிடும். அலுவலகத்துக்குள் அலைவரிசை பற்றிக் கவலைப்பட்டால், விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதி மூலம் பக்கத்துக் கணினிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கோப்பை வாங்கிக்கொள்ளும். இதற்கு 7680 போர்ட் திறந்திருக்க வேண்டும்.

இணையமே தொடக் கூடாத தனி வலையமைப்பு என்றால் பேச்சே இல்லை, டபிள்யூசஸ்தான். சர்வர்களுக்கும் இன்ட்யூன் உதவாது. அதன் வேலை பயனர் கணினிகளோடு சரி.

2024 செப்டம்பரில் டபிள்யூசஸில் இனிப் புதிய வசதிகள் வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. விண்டோஸ் சர்வர் 2025-ல் இன்னும் இருக்கிறது என்றாலும், புதிதாகத் தொடங்குபவர் இதன்மேல் கட்டுவது வீண். 2025 அக்டோபரில் இதில் கடவுச்சொல்லே இல்லாமல் சர்வரைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை வெளிவந்து, அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. எந்தக் காரணத்துக்காகவும் அந்த 8530, 8531 போர்ட்களை இணையத்துக்குத் திறக்காதீர்கள்.

இன்ட்யூனுக்கு மாறுகிறவர்கள், கணினிகளுக்கு மையமாக அமைப்புகளை அனுப்பும் பழைய குரூப் பாலிசியை மறக்காமல் நீக்க வேண்டும். டபிள்யூசஸ் முகவரி அதில் இருக்கும்வரை, இன்ட்யூனில் என்ன விதி எழுதினாலும் கணினி பழைய சர்வரையே தேடிக்கொண்டிருக்கக்கூடும்.